சேவுக்கும் க்ளோஸுக்கும் நடுவே

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, கரண்ட் போய், நாய் ஊளையிட்ட பிறகுதான் வரும் என்று நினைப்பவர்கள் இதைப் படித்து ஏமாந்துபோகலாம். இது நடந்தது மத்தியானம். மணி 3:42. இடம் பிரிக்பீல்ட்ஸ், தலைநகரில் தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. கீழே ரோட்டில் கால் வைக்க இடமில்லை. மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது சத்தியம். நடந்தது சிவகாமிக்கு. அவள் கதை கட்டுகிற ஆள் இல்லை. கோயிலில் யாராவது சாமி வந்து ஆடினால், "காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவள். அவளே இப்போது பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் ஆபீசில் தனியாக இருப்பதில்லை. நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் அந்த ஆபீசில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

சிவகாமிக்கு வயது இருபத்தொன்பது. வீடு கிள்ளான். தினமும் கம்யூட்டர் என்கிற புறநகர் ரயில் பிடித்து சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, நடந்து ஆபீஸ் வருவாள். ஒரு சேலைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. மொத்தம் ஐந்து பேர். முதலாளி ஜீவன். அவர்கள் விற்பது மென்பொருள் அல்ல, மென்பொருள் எழுதுகிறவர்களுக்கான சாமான். திரையில் ஒரு பெட்டி திறக்கிறதே, அதில் எழுதும் கட்டம், பட்டன், பட்டியல் எல்லாம் இருக்கிறதே, அவற்றையெல்லாம் தயாராகச் செய்து ஒரு தொகுப்பாகக் கொடுப்பார்கள். பெயர் 'தோரணம்'. எழுதுகிறவன் ஒரு தடவை எழுதினால் போதும், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

ஓடும் என்று விளம்பரத்தில் இருக்கும். உண்மையில் ஒன்றில் ஒழுங்காக இருப்பது இன்னொன்றில் கோணிக்கொள்ளும். மேக்கில் நிமிர்ந்து நிற்கும் பட்டன் விண்டோஸில் பாதி காணாமல் போகும். புது விண்டோஸில் சரியாக இருப்பது பழைய விண்டோஸில் திடீரென்று விழும். அந்தக் கோளாறுகளைத் தேடிச் சரிசெய்வதுதான் சிவகாமியின் வேலை. கெட்டிக்காரி. ஆனால் இந்த வேலையில் உள்ள எல்லோருக்கும் இருக்கும் ஒரு கெட்ட பழக்கம் அவளுக்கும் உண்டு. யாராவது புகார் எழுதினால் முதலில் தன் மெஷினில் ஓட்டிப் பார்ப்பாள். தன் மெஷினில் அந்தக் கோளாறு வராவிட்டால், 'இங்கே வரவில்லை' என்று பதில் போடுவாள். பதினான்கு நாளில் மறுபதில் இல்லையென்றால் புகாரை மூடிவிடுவாள். மூடினால் பட்டியலில் ஒன்று குறையும். மனசுக்கு நிம்மதி.

அக்டோபர் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஜீவன் அவளைக் கூப்பிட்டார். முகம் சரியில்லை. தனியாக வாழும் பார்வையற்றவர்களுக்காக ஒரு சேவை மையம் ஒரு புரோகிராம் வைத்திருந்தது. அதைத் தோரணத்தில்தான் செய்திருந்தார்கள். பெட்டியில் பெயர், முகவரி, போன் என்று மூன்று கட்டங்கள். பிறகு சேவ் பட்டன். அதற்கு அடுத்து சிவப்புப் படம் போட்ட ஹெல்ப் பட்டன். கடைசியில் க்ளோஸ். ஆபத்து என்றால் ஹெல்ப்பை அழுத்த வேண்டும். மையத்திலிருந்து சொந்தக்காரருக்கு உடனே போன் போகும். பார்வையற்றவர்கள் டேப் விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொன்றாக நகர்வார்கள். ஸ்க்ரீன் ரீடர் என்கிற குரல், எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று வாசித்துச் சொல்லும்.

பந்திங் ஊரில் ஒரு பெரியவர் கீழே விழுந்துவிட்டார். தவழ்ந்து கம்ப்யூட்டர் வரை வந்து டேப்பைத் தட்டினார். ஹெல்ப் வரவே இல்லை. சேவுக்கு அடுத்து நேராக க்ளோஸ். நல்ல வேளை, பக்கத்து வீட்டுக்காரர் தற்செயலாக எட்டிப் பார்த்தார், பெரியவர் பிழைத்தார். அவர் வைத்திருந்தது பழைய விண்டோஸ். அப்படிப்பட்ட பழைய மெஷினோடு இன்னும் நூற்றுச் சொச்சம் வீடுகள் இருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்த பதிப்பு போயாக வேண்டும்.

"நம்ம கிட்ட பழைய மெஷின் ஒண்ணுகூட இல்ல லா. எங்கயாச்சும் தேடு" என்றார் ஜீவன்.

சிவகாமி அன்று சாயங்காலமே கிள்ளானில் இறங்கி, பழைய கம்ப்யூட்டர் விற்கும் பழனியப்பன் கடைக்குப் போனாள். அவள் கேட்ட ரகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. ஏழு மாதமாக யாரும் கேட்காமல் மூலையில் தூசி படிந்து கிடந்ததாம். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துச் சுத்தமாக்கிவிட்டதாகச் சொன்னார். கூடவே ஒரு கீபோர்டும் கொடுத்தார். எழுத்துகள் தேய்ந்த கறுப்புக் கீபோர்டு. டேப் விசையின் மேல் மட்டும் ஒரு துளி பசை காய்ந்து, சின்னப் பரு மாதிரி இருந்தது. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். போகவில்லை.

செவ்வாய்க்கிழமை.

மெஷினைச் சுவரோரம் ஒரு மேசையில் வைத்தாள். நெட் கொடுக்கவில்லை, அவ்வளவு பழைய மெஷினுக்கு நெட் கொடுப்பது ஆபத்து. அந்த மையத்தின் பெட்டியைப் போலவே ஒரு சோதனைப் பெட்டி எழுதினாள். வெறும் பொம்மைப் பெட்டி. எந்தப் பட்டனுக்குப் பின்னாலும் எந்த வேலையும் கிடையாது. எந்த விசை எத்தனை மணிக்கு அழுத்தப்பட்டது என்று ஒரு கோப்பில் பதிவாகும்படி மட்டும் செய்தாள். ஸ்க்ரீன் ரீடரைப் போட்டு டேப்பைத் தட்டினாள்.

நேம்... அட்ரஸ்... ஃபோன்... சேவ்... க்ளோஸ்.

ஹெல்ப் இல்லை. கண்ணுக்குத் தெரிகிறது, குரலுக்குத் தெரியவில்லை. கோளாறு கைக்குக் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். மூன்றரைக்கு மழை பிடித்துக்கொண்டது. ஜீவன் வெளியே போயிருந்தார், மற்ற மூவரும் அந்த வாரம் வீட்டிலிருந்து வேலை. சிவகாமி பால் விடாத ஒரு தே ஓ டீ குடிக்கக் கீழே இறங்கினாள். திரும்பி வரும்போது மணி 3:55.

பதிவுக் கோப்பில் புதிய வரிகள் இருந்தன.

3:42:07, டேப். 3:42:09, டேப். 3:42:11, டேப். அப்படியே கீழே கீழே போனது. அறுபத்தைந்து வரிகள். ஆபீஸ் கதவை அவள்தான் பூட்டிவிட்டுப் போயிருந்தாள்.

விசை எங்கேயோ சிக்கியிருக்கும் என்று நினைத்தாள். சிக்கினால் வரிகள் மடமடவென்று விழும். இவை இரண்டு வினாடிக்கு ஒன்றாக, நிதானமாக இருந்தன. ஒவ்வொரு குரலையும் கேட்டு முடித்துவிட்டு அடுத்ததைத் தட்டியது போல.

மறுநாள் காலை ஜீவனிடம் சொன்னாள். "மழை ஈரம். வேற என்ன" என்று அவர் பேச்சை முடித்துவிட்டார். அவளுக்கும் அதை நம்பத்தான் ஆசை.

புதன்கிழமை.

அன்றைக்கும் தனியாகத்தான் இருந்தாள். மூன்று மணி வரை கோளாறின் வேர் பிடிபடவில்லை. 3:35க்கு மழை. 3:40க்கு, ஏனோ, நாற்காலியை அந்தப் பழைய மெஷின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

3:41.

கீழே ரோட்டில் தீபாவளிப் பாட்டு. மழைச் சத்தத்தில் அது விட்டுவிட்டுக் கேட்டது.

3:42.

டக்.

"நேம்" என்றது குரல்.

டக். "அட்ரஸ்."

அவள் கண் கீபோர்டின் மேல்தான் இருந்தது. டேப் விசை தானாகக் கீழே இறங்கியது. மேலே வந்தது. மறுபடி இறங்கியது. வெடுக்கென்று அல்ல. விரல் வைத்து அழுத்தினால் எப்படி இறங்குமோ அப்படி.

டக். "ஃபோன்."

டக். "சேவ்."

பிறகு ஒரு நிறுத்தம்... இரண்டு வினாடி, மூன்று வினாடி... எதையோ எதிர்பார்த்துக் காத்திருப்பது போல.

டக். "க்ளோஸ்."

மறுபடியும் முதலிலிருந்து. நேம்... அட்ரஸ்... ஃபோன்... சேவ்... அந்த நிறுத்தம்... க்ளோஸ். ஒவ்வொரு சுற்றிலும் சேவுக்குப் பிறகு மட்டும் அந்தக் காத்திருப்பு. சிவகாமி எழுந்து, மெஷினுக்குப் பின்னால் கையை விட்டுக் கீபோர்டின் வயரைப் பிடுங்கினாள்.

குரல் நின்றது.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். வயர் அவள் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

டக்.

விசை இறங்கியது.

டக்.

வயர் அவள் கையில்தான் இருந்தது...

டக். டக். டக்.

இப்போது வேகமாக. அவசரமாக. சுற்றிச் சுற்றி...

அவள் கைப்பையைக்கூட எடுக்கவில்லை. இரண்டு மாடியையும் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. சேலைக் கடை வாசலில் நின்று நடுங்கினாள். கடைக்காரப் பெண் மழையில் நனைந்ததால் குளிர்கிறது என்று நினைத்து ஒரு துண்டைக் கொடுத்தாள். ஜீவன் திரும்பி வரும்வரை அவள் மேலே போகவில்லை. அவரிடம் எதையும் சொல்லவுமில்லை. அந்தக் கீபோர்டை அவர் அறையில் இருந்த இரும்பு அலமாரியின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று ரயிலில் போகும்போது வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை. நூற்றுச் சொச்சம் வீடுகள். பந்திங் பெரியவர் தரையில் தவழ்ந்தது அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. அவள் போகாவிட்டால் அதைச் செய்ய வேறு ஆள் இல்லை.

வியாழக்கிழமை.

வீட்டிலிருந்து தன் சொந்தக் கீபோர்டைக் கொண்டுவந்து மாட்டினாள். பதினோரு மணிக்குக் கோளாறு கிடைத்தது. ஒரே ஒரு வரி. 'விண்டோஸ் பழசாக இருந்தால், படம் போட்ட பட்டனைக் குரலுக்குக் காட்டாதே.' அதற்கு மேலே ஒரு குறிப்பு: 'தற்காலிகம். பிறகு சரியாகப் பார்க்க வேண்டும்.' இரண்டு வருடத்துக்கு முன்னால் எழுதியது. பழைய விண்டோஸில் படப் பட்டனைத் தொட்டாலே எல்லாம் நின்றுபோன சமயத்தில், யாரோ அதை வாயடைக்கப் போட்ட ஒட்டு.

யார் எழுதியது என்று பார்த்தாள். பக்கத்திலேயே பெயர் இருந்தது. சிவகாமி.

அவளுக்கு முகம் எரிந்தது. மறந்தே போயிருந்தாள். அன்றைக்கு அவசரம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று போட்டாள், அந்த அடுத்த வாரம் இரண்டு வருடமாக வரவில்லை.

இதைப் பற்றி முன்பே யாராவது எழுதினார்களா என்று பழைய புகார்களில் தேடினாள். ஒன்று இருந்தது. எண் 4417, மார்ச் மாதம். எழுதியவர் இராஜம்மா, மையத்தின் அந்தப் புரோகிராமை வைத்திருந்தவர். ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர், பார்வையில்லை, பிரிக்பீல்ட்ஸில் தனியாக இருக்கிறேன் என்று தன்னைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தார். அதன் கீழே சிவகாமியின் பதில்: இங்கே வரவில்லை. மார்ச் 13ஆம் தேதி இராஜம்மா மறுபடி எழுதியிருந்தார். 'தம்பி கொடுத்த பழைய கம்ப்யூட்டர். டேப் தட்டினால் சுற்றிச் சுற்றி வருகிறது. சேவுக்கு அப்புறம் வரும் என்று காத்திருந்து பார்க்கிறேன். அந்தப் பட்டன் வரவே மாட்டேன் என்கிறது. கொஞ்சம் பாருங்கள் மகளே.'

14ஆம் தேதி காலை 11:20க்கு சிவகாமி கேட்டிருந்தாள்: எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு? பதில் இல்லை. 28ஆம் தேதி, பதினான்கு நாள் பதில் இல்லாததால், அவளே மூடியிருந்தாள்.

'காத்திருந்து பார்க்கிறேன்' என்ற இடத்தை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். நேற்று கேட்ட அந்த நிறுத்தம்... இரண்டு வினாடி, மூன்று வினாடி... அதற்கு மேல் அவளுக்குப் படிக்க முடியவில்லை.

ஒட்டை எடுத்துவிட்டு முறையாக எழுதி முடிக்க நாலு மணி நேரம் ஆயிற்று. 3:38க்கு ஓட்டிப் பார்த்தாள். நேம், அட்ரஸ், ஃபோன், சேவ்... ஹெல்ப். சரியாகிவிட்டது. ஜீவன் மதியமே மையத்துக்குப் பேசப் போயிருந்தார். அவள் பையை எடுத்தாள். மணி பார்த்தாள். 3:41.

அன்றைக்கு மழை இல்லை. ஆனால் ரோட்டுச் சத்தம் எல்லாம் தூரத்தில் போனது போல் இருந்தது.

ஜீவன் அறையிலிருந்து...

பூட்டிய இழுப்பறைக்குள்ளிருந்து...

டக்.

"நேம்" என்றது மேசை மேல் இருந்த மெஷின்.

டக். "அட்ரஸ்."

கதவு நாலு அடி தூரத்தில் இருந்தது. அவள் ஓடியிருக்கலாம். கால் வந்தது. மனசு வரவில்லை. அந்த மனுஷி கேட்டது ஒரே ஒரு பட்டன். மகளே என்று கூப்பிட்டுக் கேட்டார்.

டக். "ஃபோன்."

டக். "சேவ்."

நிறுத்தம்.

ஒன்று... இரண்டு... மூன்று...

தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. "ஆன்டி. போயிராதீங்க. அடுத்ததுதான். இன்னும் ஒரு தடவ தட்டுங்க."

இழுப்பறையில் சத்தம் இல்லை.

நாலு... ஐந்து...

டக்.

"ஹெல்ப்."

அவள் அழுதுவிட்டாள்.

நீண்ட அமைதி.

பிறகு வேறு ஒரு சத்தம். கனமான சத்தம். என்டர் விசை.

டொக்.

அவ்வளவுதான்.

ஒன்றும் நடக்கவில்லை. நடக்க வழியும் இல்லை. அது பொம்மைப் பெட்டி, பட்டனுக்குப் பின்னால் வேலை கிடையாது, மெஷினுக்கு நெட்டும் கிடையாது. ரோட்டுச் சத்தம் மறுபடி காதில் விழுந்தது. பதிவுக் கோப்பின் கடைசி வரியைப் பார்த்தாள். 3:42:51, என்டர். அதற்குப் பிறகு அந்தக் கீபோர்டு இன்றுவரை சத்தம் போட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை புதிய பதிப்பு போனது. மதியத்துக்குள் எல்லா வீடுகளுக்கும் அனுப்பிவிட்டார்கள். மையத்தில் இதைப் பார்த்துக்கொண்ட சுபா என்ற பெண் போன் செய்து நன்றி சொன்னாள். சிவகாமி தயங்கித் தயங்கி, இராஜம்மா என்று ஒருவர் உங்கள் பட்டியலில் இருந்தாரே, எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

"அவங்க மார்ச்லயே எறந்துட்டாங்களே, சிஸ். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றுதான் சிவகாமிக்குத் தோன்றியது. கேட்காமல் இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது. ஆனாலும் அவர் வீட்டாரைப் பார்க்க வேண்டும் என்றாள். சுபா இராஜம்மாவின் தம்பியிடம் பேசி, அவர் வரச் சொன்ன பிறகு விலாசம் அனுப்பினாள்.

சனிக்கிழமை சிவகாமி சுங்கை வேயில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனாள். அந்தக் கீபோர்டைப் பையில் எடுத்துப் போனாள். தம்பியின் பெயர் நாகையா. தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். கூடத்தில் உட்கார வைத்து, மைலோ கலக்கிக் கொடுத்தார். அவள் கீபோர்டை எடுத்து மேசையில் வைத்ததும் அவர் கை தானாகப் போய் அந்தப் பசைத் துளியைத் தொட்டது.

"இது எப்படிம்மா ஒங்க கிட்ட? அக்கா வெரலுக்குத் தெரியட்டும்னு நான்தான் பசை வெச்சேன். அவங்க போனப்புறம் கிள்ளான்ல ஒரு கடையில எல்லாத்தையும் போட்டுட்டு வந்தேன்."

அக்கா இறந்தது எப்போது, எப்படி என்று சிவகாமி கேட்டாள். மார்ச் 16ஆம் தேதி கதவை உடைத்துத்தான் உள்ளே போனார்களாம். டாக்டர் பார்த்துவிட்டு, 14ஆம் தேதி பிற்பகலிலேயே உயிர் போயிருக்கிறது, இதயம் என்றாராம். அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி இருந்தார். தலை மேசையில். விரல் அந்த விசையின் மேல். பக்கத்து வீட்டு குமுதாவுக்கு இரண்டு நாளும் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டதாம். அது கம்ப்யூட்டர் குரல் என்று தெரியாமல், ஆள் இருக்கிறார் என்றுதான் நினைத்தாராம்.

மார்ச் 28ஆம் தேதி சிவகாமி புகாரை மூடியது, இறந்து இரண்டு வாரம் ஆன ஒருத்தர் பதில் சொல்லவில்லை என்பதற்காக. வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அந்த வரியை எழுதியது நான்தான், அக்காவுக்கு அந்தப் பட்டன் வராமல் போனது என்னால்தான் என்று ஒளிக்காமல் சொன்னாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றே நினைத்தாள்.

அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பழைய மெஷின அவங்களுக்குக் குடுத்தது நான்தானே. புதுச நான் வெச்சுக்கிட்டேன்."

பிறகு தன் போனை எடுத்து, எதையோ தேடி, அவள் பக்கம் திருப்பினார்.

"மையத்து நம்பர். முந்தாநேத்து வந்துச்சு. நான் ஷிப்ட்ல இருந்தேன். எடுத்தா, 'இராஜம்மா உதவி கேட்கிறார், உடனே போகவும்'னு மெஷின் கொரல். எனக்கு எதுவுமே தோணல. மோட்டர் சைக்கிள எடுத்துக்கிட்டு ஹைவேல பறந்தேன். அக்கா வீட்டு மாடி ஏறி, அக்கா அக்கான்னு கதவத் தட்டறேன். யாரோ ஒரு மலாய் அம்மா தொறந்தாங்க. யார தேடுறீங்கன்னு கேட்டாங்க. அப்பதாம்மா எனக்கு ஞாபகம் வந்துச்சு."

சிவகாமி போனைப் பார்த்தாள். வியாழன், பிற்பகல் 3:43. பேசிய நேரம் பதினொரு வினாடி.

திங்கட்கிழமை சுபாவிடம் கேட்டு, மையத்தின் பதிவுகளை ஒரு வரி விடாமல் பார்க்கச் சொன்னாள். சுபா இரண்டு தடவை பார்த்தாள். வியாழக்கிழமை அங்கிருந்து யாருக்கும் எந்த அழைப்பும் போகவில்லை. இராஜம்மாவின் பெயரையும் தம்பியின் எண்ணையும் ஏப்ரல் மாதமே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள்.